செக்பாயின்ட் அழைப்பு

செக்பாயின்ட் அழைப்பு என்பது, மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணினியில் இயங்கும் ஒரு நிரல், தான் அதுவரை தரவுத்தளத்தில் செய்த மாற்றங்களை நிலையானவையாக உறுதிப்படுத்துமாறும், பின்னர் தடைப்பட்டால் அதே இடத்திலிருந்து தொடங்குவதற்கு வேண்டிய விவரங்களைப் பதிந்து வைக்குமாறும் பரிவர்த்தனை அமைப்பைக் கேட்கும் அழைப்பு ஆகும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஐ.எம்.எஸ். மென்பொருளில் இது சி.எச்.கே.பி. என்னும் நான்கெழுத்துக் குறியீட்டைக் கொண்டது. இதற்கு இணையாக, மறுதொடக்கத்திற்கு எக்ஸ்.ஆர்.எஸ்.டி. என்னும் அழைப்பு உள்ளது. இக்கட்டுரை ஐ.எம்.எஸ். அமைப்பில் இவ்விரு அழைப்புகளும் செயல்படும் முறையை விளக்குகின்றது.

செக்பாயின்ட் என்பது தரவுத்தளத்தைச் சேமிக்கும் செயல் மட்டும் அன்று. தரவுத்தளத்தில் உள்ளதும் நிரலின் நினைவகத்தில் உள்ளதும் ஒரே கணத்தைச் சேர்ந்தவையாக இருக்குமாறு இரண்டையும் ஒருங்கே நிறுத்துவதே அதன் பயன். இவ்விரண்டில் ஒன்று விடுபட்டாலும், மீண்டும் தொடங்கிய நிரல் பிழைச்செய்தி எதுவும் இன்றி ஓடி முடிந்து, தவறான விடையைத் தரக்கூடும்.

வரலாறு

அமெரிக்காவின் அப்பல்லோ நிலவுப் பயணத் திட்டத்திற்குத் தேவையான மிகப் பெரிய உதிரிபாகப் பட்டியலைக் கையாள்வதற்காக, 1966 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். பொறியாளர்கள், பின்னர் ராக்வெல் என்று அறியப்பட்ட வானூர்தி நிறுவனத்தினருடனும் கேட்டர்பில்லர் நிறுவனத்தினருடனும் இணைந்து ஒரு மென்பொருளை வடிவமைக்கத் தொடங்கினர். 1968 ஆகஸ்டு 14 அன்று கலிபோர்னியாவின் டௌனி நகரில் ஓர் ஐ.பி.எம். 2740 முனையத்தில் 'ரெடி' என்னும் சொல் அச்சாகி, அம்மென்பொருள் செயற்படத் தொடங்கியதை அறிவித்தது. 1969 இல் அது ஐ.எம்.எஸ்./360 என்னும் பெயரில் வணிக வெளியீடாக வந்தது. இதன் முதன்மை வடிவமைப்பாளராக அறியப்பட்டவர் வெர்ன் வாட்ஸ்.

ஐ.எம்.எஸ். தரவுகளைப் படிநிலை வடிவில் வைத்திருக்கின்றது. ஒரு தாய்ப் பகுதியின் கீழ்ச் சேய்ப் பகுதிகள் அமைகின்றன. இப்பகுதிகளுக்குச் செக்மென்ட் என்று பெயர். நிரல்கள் டி.எல்./ஐ. என்னும் இடைமுகத்தின் வழியாகச் செக்மென்ட்டுகளைப் படிக்கின்றன, சேர்க்கின்றன, மாற்றுகின்றன, நீக்குகின்றன. செக்பாயின்ட் அழைப்பும் இதே இடைமுகத்தின் ஓர் அழைப்பே. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் போன்றவற்றில் ஐ.எம்.எஸ். இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அதன் 15 ஆம் பதிப்பு 2017 இல் வெளிவந்தது.

தேவை

ஒரு வங்கி 10,00,000 சேமிப்புக் கணக்குகளுக்கு வட்டி சேர்க்க வேண்டும் என்று கொள்வோம். இதற்கான நிரல் இரவில் ஓடுகின்றது. ஒவ்வொரு கணக்கையும் படித்து, வட்டியைக் கணக்கிட்டு, இருப்பில் கூட்டி, மொத்த வட்டியைத் தன் நினைவகத்தில் ஓர் எண்ணாகக் கூட்டிக்கொண்டு செல்கின்றது. 6,40,300 கணக்குகள் முடிந்த நிலையில், அடுத்த கணக்கில் எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு எழுத்து இருப்பதால் நிரல் முறிந்து நிற்கின்றது.

இந்நிலையில் மூன்று வழிகள் உள்ளன.

1. நிரலை முதலிலிருந்து அப்படியே மீண்டும் ஓட்டலாம். அவ்வாறு செய்தால் 6,40,300 கணக்குகளுக்கு வட்டி இருமுறை சேரும்.
2. செய்த மாற்றங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு மீண்டும் தொடங்கலாம். விடை சரியாக வரும். ஆனால் நீக்குவதற்கும் மீண்டும் செய்வதற்கும் சேர்த்துப் பல மணிநேரம் ஆகும். காலையில் வங்கி திறப்பதற்குள் பணி முடியாமல் போகலாம்.
3. 1,000 கணக்குகளுக்கு ஒருமுறை செக்பாயின்ட் எடுக்கப்பட்டிருந்தால், கடைசியாக உறுதியான இடம் 6,40,000 ஆவது கணக்கு. அதன் பின் செய்த 300 மாற்றங்களை மட்டும் நீக்கி, 6,40,001 ஆவது கணக்கிலிருந்து தொடரலாம்.

மூன்றாவது வழியைச் சாத்தியமாக்குவதே செக்பாயின்ட் அழைப்பு. இதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு நிரல் மாற்றிய பதிவுகள், அம்மாற்றங்கள் உறுதிப்படும் வரை பிறர் தொடாதவாறு பூட்டப்பட்டிருக்கும். செக்பாயின்ட் எடுக்காமல் ஓடும் நிரல் இலட்சக்கணக்கான பூட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகும். அதே தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் பண இயந்திரங்களும் கிளை அலுவலகங்களும் அதுவரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

நிரல் வகைகள்

செக்பாயின்ட்டின் பொருள் நிரலின் வகைக்கேற்பச் சற்று மாறுபடுகின்றது.

* செய்தி நிரல்: முனையத்திலிருந்து வரும் செய்திக்கு உடனே விடையளிக்கும் சிறு நிரல். ஒற்றை முறையில் இயங்கும்போது, அடுத்த செய்தியைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் முந்தைய செய்தியின் மாற்றங்கள் தாமாகவே உறுதிப்படுகின்றன. எனவே இவற்றில் தனியாகச் செக்பாயின்ட் எடுக்கும் தேவை குறைவு.
* பி.எம்.பி. நிரல்: தொகுதி முறையில் நெடுநேரம் ஓடுவது. ஆயினும் இணையநிலையில் உள்ள ஐ.எம்.எஸ். அமைப்பின் கட்டுப்பாட்டில் இயங்கி, செய்தி நிரல்களுடன் தரவுத்தளத்தைப் பகிர்ந்துகொள்கின்றது. செக்பாயின்ட் மிகவும் தேவைப்படுவது இவ்வகைக்கே.
* டி.எல்./ஐ. தொகுதி நிரல்: இணையநிலை அமைப்பின் துணையின்றித் தனக்கெனத் தனிப் பதிவேடு வைத்துக்கொண்டு இயங்குவது. இதில் செக்பாயின்ட் எடுக்க, நிரலின் வரையறையில் சி.எம்.பி.ஏ.டி. என்னும் தெரிவை அமைத்து, உள்ளீடு-வெளியீட்டுக் கட்டுப்பாட்டுத் தொகுதி கிடைக்குமாறு செய்ய வேண்டும்.

அழைப்பின்போது நிகழ்வன

நிரல் சி.எச்.கே.பி. அழைப்பை விடுக்கும்போது ஐ.எம்.எஸ். பின்வருவனவற்றைச் செய்கின்றது.

1. முந்தைய செக்பாயின்ட்டுக்குப் பின் நிரல் செய்த மாற்றங்கள் அனைத்தையும் உறுதிப்படுத்துகின்றது. இதன் பின் நிரல் முறிந்தாலும் அவை நீக்கப்பட மாட்டா.
2. லாக் எனப்படும் நிகழ்வுப் பதிவேட்டில், நிரல் கொடுத்த அடையாளப் பெயருடன் ஒரு செக்பாயின்ட் பதிவை எழுதுகின்றது. அடையாளம் 8 எழுத்துகள் கொண்டது. அது இயக்குநரின் திரையிலும் அறிவிக்கப்படுகின்றது.
3. நிரல் வைத்திருந்த பூட்டுகளை விடுவிக்கின்றது.
4. நிரல் அனுப்பிய, அதுவரை நிறுத்தி வைக்கப்பட்டிருந்த செய்திகளை உரிய முனையங்களுக்கு விடுக்கின்றது. உடனடிச் செய்திகள் எனக் குறிக்கப்பட்டவை மட்டும் இதற்கு முன்னரே சென்றுவிடும்.
5. தரவுத்தளத்தில் நிரல் நின்றிருந்த இடத்தை விட்டுவிடுகின்றது.

ஐந்தாவது செயல் புதியவர்களைப் பெரிதும் குழப்புவது. ஐ.எம்.எஸ். தரவுத்தளத்தில் 'அடுத்ததைக் கொடு' என்னும் அழைப்பு, நிரல் இப்போது நிற்கும் இடத்தைப் பொறுத்தே விடையளிக்கின்றது. செக்பாயின்ட்டுக்குப் பின் அந்த இடம் இல்லாமற்போவதால், நிரல் தான் கடைசியாகப் படித்த கணக்கு எண்ணைக் கொண்டு தரவுத்தளத்தில் தன் இடத்தை மீண்டும் அமைத்துக்கொண்ட பின்னரே தொடர வேண்டும். இதைச் செய்யாமல் அடுத்ததைக் கேட்டால் தரவுத்தளத்தின் தொடக்கத்திலிருந்தே பதிவுகள் வரத் தொடங்கும்.

செய்திகளைப் படிக்கும் நிரல்களில் ஆறாவது செயலும் உண்டு. செக்பாயின்ட் அழைப்பு திரும்பும்போது வரிசையிலுள்ள அடுத்த செய்தியையும் எடுத்து நிரலின் கையில் கொடுத்துவிடுகின்றது. செய்திகள் தீர்ந்துவிட்டால் கியூ.சி. என்னும் நிலைக்குறியீட்டைத் தருகின்றது. இதை அறியாமல் செக்பாயின்ட்டை அடுத்து மீண்டும் ஒரு செய்தியைக் கேட்கும் நிரல், கையிலிருந்த செய்தியைக் கவனிக்காமல் தாண்டிச் செல்கின்றது.

இரு வகைச் செக்பாயின்ட்டுகள்

அடிப்படைச் செக்பாயின்ட் மாற்றங்களை உறுதிப்படுத்தி அடையாளத்தைப் பதிவதோடு நிற்கின்றது. நிரலின் நினைவகத்தை அது சேமிப்பதில்லை. மீண்டும் தொடங்க வேண்டுமாயின் அதற்கான வழியை நிரலரே வகுத்துக்கொள்ள வேண்டும். மறுதொடக்கம் தேவையில்லாத, பூட்டுகளை விடுவித்தால் போதும் என்னும் நிரல்களுக்கு இது பொருந்தும்.

குறியீட்டுச் செக்பாயின்ட் இவற்றுடன், நிரல் சுட்டிக்காட்டும் நினைவகப் பகுதிகளின் உள்ளடக்கத்தையும் பதிவேட்டில் எழுதுகின்றது. ஓர் அழைப்பில் ஏழு பகுதிகள் வரை கொடுக்கலாம். ஒவ்வொரு பகுதிக்கும் அதன் நீளத்தையும் உடன் குறிப்பிட வேண்டும். இவ்வகையைப் பயன்படுத்தும் நிரல் தன் தொடக்கத்தில் எக்ஸ்.ஆர்.எஸ்.டி. அழைப்பைக் கட்டாயம் விடுத்திருக்க வேண்டும். நெடுநேரம் ஓடும் நிரல்களுக்கு ஏற்றது இதுவே. இக்கட்டுரையின் எஞ்சிய பகுதியில் செக்பாயின்ட் என்பது குறியீட்டுச் செக்பாயின்ட்டையே குறிக்கும்.

மறுதொடக்கம்

நிரல் முறிந்தவுடன் முதலில் நிகழ வேண்டியது, கடைசிச் செக்பாயின்ட்டுக்குப் பின் செய்த மாற்றங்களை நீக்குதல் ஆகும். இதனைப் பேக்அவுட் என்பர். பதிவேட்டில் ஒவ்வொரு மாற்றத்திற்கும் முந்தைய நிலை எழுதப்பட்டிருப்பதால், அதைப் பின்னிருந்து முன்னாகப் படித்துப் பழைய நிலையை மீட்கலாம். பி.எம்.பி. நிரல்களுக்கு ஐ.எம்.எஸ். அமைப்பே இதை உடனே செய்துவிடுகின்றது. டி.எல்./ஐ. தொகுதி நிரல்களில், பதிவேடு வட்டில் இருந்து, அதற்குரிய தெரிவும் அமைக்கப்பட்டிருந்தால் சில வகை முறிவுகளில் இது தானாக நடைபெறும். ஏனையவற்றில் இதற்கெனவுள்ள பேக்அவுட் பயன்பாட்டு நிரலை ஓட்டிய பின்னரே மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

அடுத்து, பணியை மீண்டும் ஓட்டும்போது கடைசிச் செக்பாயின்ட்டின் அடையாளத்தைப் பணிக்கட்டளையில் அளபுருவாகக் கொடுக்க வேண்டும். பி.எம்.பி. நிரல்களுக்கு அடையாளத்திற்குப் பதிலாக 'லாஸ்ட்' என்னும் சொல்லையும் கொடுக்கலாம்.

நிரல் தொடங்கியதும் தன் முதல் தரவுத்தள அழைப்பாக எக்ஸ்.ஆர்.எஸ்.டி. அழைப்பை விடுக்கின்றது. அதற்கு முன் ஒரு சிறு நினைவகப் பகுதியை வெற்றிடங்களால் நிரப்பி வைக்கின்றது. அழைப்பு திரும்பிய பின்னும் அப்பகுதி வெறுமையாகவே இருந்தால் இது வழக்கமான தொடக்கம். அதில் ஓர் அடையாளம் இருந்தால் இது மறுதொடக்கம். அந்நிலையில் ஐ.எம்.எஸ். பதிவேட்டில் அவ்வடையாளத்தைத் தேடி, சேமித்த நினைவகப் பகுதிகளை அதே வரிசையில் நிரலுக்குத் திருப்பித் தருகின்றது. தரவுத்தளத்திலும் முன்பு நின்ற இடத்தில் நிரலை நிறுத்த முயல்கின்றது. ஆயினும் சாவி இல்லாத, அல்லது ஒரே சாவி பலவற்றுக்கு உள்ள செக்மென்ட்டுகளில் இது உறுதியன்று. ஆகவே நிரல் தான் சேமித்த சாவியைக் கொண்டு தன் இடத்தைத் தானே சரிபார்ப்பது நல்லது.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மறுதொடக்கம் என்பது நிரல் முறிந்த கட்டளையிலிருந்து தொடர்வது அன்று. நிரல் எப்போதும்போல் தன் முதல் வரியிலிருந்தே தொடங்குகின்றது. அதன் நினைவகத்தில் குறிப்பிட்ட சில பகுதிகள் மட்டும் பழைய மதிப்புகளைப் பெற்றிருக்கின்றன. அவற்றைப் பார்த்து எங்கே செல்ல வேண்டும் என்று முடிவு செய்வது நிரலின் பொறுப்பே ஆகும்.

நிரலின் அமைப்பு

மேற்கூறிய வட்டி நிரலின் அமைப்பு பின்வருமாறு இருக்கலாம்.

1. எக்ஸ்.ஆர்.எஸ்.டி. அழைப்பை விடுக்கவும்.
2. வழக்கமான தொடக்கமாயின் மொத்தங்களைச் சுழியாக்கி, முதல் கணக்கில் நிற்கவும். மறுதொடக்கமாயின், சேமித்த கணக்கு எண்ணில் நிற்கவும்.
3. அடுத்த கணக்கைப் படிக்கவும். கணக்குகள் முடிந்தால் 7 ஆம் படிக்குச் செல்லவும்.
4. வட்டியைக் கணக்கிட்டு இருப்பில் கூட்டவும். மொத்த வட்டியையும் கணக்கு எண்ணிக்கையையும் உயர்த்தவும். இக்கணக்கின் எண்ணைச் சேமிப்புப் பகுதியில் எழுதவும்.
5. கடைசிச் செக்பாயின்ட்டுக்குப் பின் 1,000 கணக்குகள் முடிந்திருந்தால், அடையாளத்தின் வரிசை எண்ணை ஒன்று கூட்டி, செக்பாயின்ட் அழைப்பை விடுக்கவும். பின்னர் சேமித்த கணக்கு எண்ணில் மீண்டும் நிற்கவும்.
6. 3 ஆம் படிக்குத் திரும்பவும்.
7. மொத்தங்களை அச்சிட்டு முடிக்கவும்.

நான்காம் படியில் கணக்கு எண்ணை எழுதும் வேலை ஐந்தாம் படிக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். அதைச் செக்பாயின்ட்டுக்குப் பின் வைத்தால், பதிவேட்டில் சேமிக்கப்படுவது முந்தைய கணக்கின் எண்ணாக இருக்கும். இயல்பான ஓட்டத்தில் இப்பிழை வெளிப்படாமலே போகலாம். மறுதொடக்கம் நிகழும் நாளில் மட்டும், உறுதிப்பட்ட கணக்கு ஒன்று மறுபடியும் படிக்கப்பட்டு அதற்கு இருமுறை வட்டி சேரும். ஒவ்வொரு கணக்கிலும் 'கடைசியாக வட்டி சேர்த்த நாள்' என்னும் புலத்தை வைத்து, அது இன்றைய நாளாக இருந்தால் தாண்டிச் செல்லுமாறு நிரலை எழுதுவது இதற்கு எதிரான நல்ல காப்பு ஆகும்.

செக்பாயின்ட் எடுக்கும் இடமும் முக்கியமானது. ஒரு வேலை முழுமையடைந்த எல்லையில் மட்டுமே அதை எடுக்க வேண்டும். ஒரு கணக்கிலிருந்து பணத்தைக் கழித்து மற்றொன்றில் கூட்டும் நிரல், கழித்தலுக்கும் கூட்டலுக்கும் இடையில் செக்பாயின்ட் எடுத்தால், அவ்விடைவெளியில் ஏற்படும் முறிவு பணத்தைக் கணக்கிலிருந்தே மறையச் செய்துவிடும். ஏனெனில் கழித்தல் உறுதிப்பட்டுவிட்டது, கூட்டலோ நிகழவில்லை.

அடையாளம் தனித்தன்மை உடையதாக இருத்தல் வேண்டும். நிரலைக் குறிக்கும் சில எழுத்துகளும் வரிசை எண்ணும் சேர்ந்து அமைவது வழக்கம். மறுதொடக்கத்தின்போது வரிசை எண் மீண்டும் 1 ஆகிவிடாதிருக்க, அவ்வெண்ணும் சேமிப்புப் பகுதியில் இடம்பெற வேண்டும்.

இடைவெளியைத் தீர்மானித்தல்

செக்பாயின்ட் அழைப்பு இலவசமன்று. பதிவேடு வட்டில் எழுதப்படும் வரை நிரல் காத்திருக்க வேண்டும், பின்னர் தன் இடத்தை மீண்டும் தேட வேண்டும். விளக்கத்திற்காக, ஒரு கணக்கைச் செயலாக்க 0.01 நொடியும் ஒரு செக்பாயின்ட்டுக்கு 0.02 நொடியும் ஆவதாகக் கொள்வோம். 10,00,000 கணக்குகளுக்கு அடிப்படை நேரம் 10,000 நொடிகள், அதாவது ஏறத்தாழ 2 மணி 47 நிமிடங்கள்.

* ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு செக்பாயின்ட்: கூடுதல் நேரம் 20,000 நொடிகள், அதாவது ஐந்தரை மணிநேரத்திற்கும் மேல். முறிந்தால் மீண்டும் செய்ய வேண்டியது ஒரே ஒரு கணக்கு.
* 1,000 கணக்குகளுக்கு ஒன்று: கூடுதல் நேரம் 20 நொடிகள். மீண்டும் செய்ய வேண்டியது மிகுதியாக 10 நொடி வேலை.
* 1,00,000 கணக்குகளுக்கு ஒன்று: கூடுதல் நேரம் 0.2 நொடி. மீண்டும் செய்ய வேண்டியது மிகுதியாக 1,000 நொடி வேலை, அதாவது ஏறத்தாழ 17 நிமிடங்கள். ஓர் இலட்சம் கணக்குகள் வரை பூட்டப்பட்டிருக்கும்.
* செக்பாயின்ட் இல்லை: கூடுதல் நேரம் இல்லை. இறுதியில் முறிந்தால் வேலை முழுவதும் வீண். பேக்அவுட்டுக்கான நேரம் தனி.

இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குச் சென்றால் மிச்சமாவது 20 நொடிகளுக்கும் குறைவே. அதற்காகப் பிற நிரல்களைப் பல நிமிடங்கள் காக்க வைப்பது பொருந்தாது. எனவே பகலில் பிறருடன் இயங்கும் பி.எம்.பி. நிரல்களில் இடைவெளியைத் தீர்மானிப்பது மீள்செய்யும் நேரத்தை விடப் பூட்டுகளின் காலமே. இரவில் தனித்து ஓடும் நிரலில் இடைவெளி சற்று நீளமாக இருக்கலாம். இந்த எண்ணை நிரலுக்குள் எழுதிவிடாமல் உள்ளீடாகக் கொடுப்பது நல்ல வழக்கம். அவ்வாறு செய்தால் நிரலை மீண்டும் தொகுக்காமலே மாற்றிக்கொள்ளலாம்.

விடுபடுவனவும் விளைவுகளும்

செக்பாயின்ட் தனக்குச் சொல்லப்பட்டதை மட்டுமே காக்கின்றது. வழக்கமாக விடுபடுபவை பின்வருமாறு.

மொத்தங்கள்: வட்டி நிரலில் மொத்த வட்டி எண் சேமிப்புப் பகுதியில் சேர்க்கப்படவில்லை என்று கொள்வோம். மறுதொடக்கத்தில் அது சுழியிலிருந்து தொடங்கும். 10,00,000 கணக்குகளிலும் இருப்பு சரியாக இருக்கும். ஆனால் அறிக்கையில் கடைசி 3,60,000 கணக்குகளின் வட்டி மட்டுமே மொத்தமாக வரும். பேரேட்டுடன் ஒப்பிடும்போது பெருந்தொகை இடிக்கும். பிழை எங்கே என்று தேடுபவர் தரவுத்தளத்தில் எதையும் காண மாட்டார்.

வரிசைக் கோப்புகள்: நிரல் வாடிக்கையாளர் கடிதங்களுக்கென ஒரு சாதாரண வரிசைக் கோப்பையும் எழுதுவதாகக் கொள்வோம். பேக்அவுட் தரவுத்தளத்தை மட்டுமே திருப்பும், கோப்பைத் திருப்பாது. மறுதொடக்கத்தில் கோப்பின் இறுதியில் தொடர்ந்து எழுதினால் 6,40,001 முதல் 6,40,300 வரையுள்ள கணக்குகளின் கடிதங்கள் இருமுறை இடம்பெறக்கூடும். கோப்பைப் புதிதாகத் திறந்தால் முதல் 6,40,000 கடிதங்களும் அழிந்துபோகும். இதற்காகவே ஐ.எம்.எஸ். அமைப்பில் ஜி-சாம் என்னும் அணுகுமுறை உள்ளது. ஜி-சாம் வழியாக எழுதப்படும் அல்லது படிக்கப்படும் வரிசைக் கோப்பைத் தரவுத்தளம் போலவே கருதி, செக்பாயின்ட்டின்போது அதன் இடத்தையும் குறித்துக்கொண்டு, மறுதொடக்கத்தில் அவ்விடத்திலேயே நிறுத்துகின்றது.

பணிக்கட்டளைகள்: ஜி-சாம் கோப்பாக இருந்தாலும், முறிவு நேர்ந்தால் புதிய கோப்பை நீக்கிவிடுமாறு பணிக்கட்டளை எழுதப்பட்டிருந்தால் மறுதொடக்கத்திற்குக் கோப்பே இராது. தலைமுறைக் கோப்புகளிலும் இத்தகைய சிக்கல் உண்டு. முதல் ஓட்டத்தில் 'புதிய தலைமுறை' என்று குறிக்கப்பட்டது, பதிவான பின் 'நடப்புத் தலைமுறை' ஆகிவிடுகின்றது. கட்டளையை மாற்றாமல் மீண்டும் ஓட்டினால் இன்னொரு வெற்றுக் கோப்பு உருவாகும்.

மாற்றப்பட்ட நிரல்: முறிவுக்குக் காரணமான பிழையைத் திருத்தி, நிரலைப் புதிதாகத் தொகுத்து, பின்னர் மறுதொடக்கம் செய்வது உண்டு. அத்திருத்தத்தில் சேமிப்புப் பகுதியின் அமைப்பு மாறியிருந்தால், பழைய அமைப்பில் எழுதப்பட்ட மதிப்புகள் புதிய அமைப்பில் தவறான இடங்களில் விழும். எனவே சேமிப்புப் பகுதியை நிரலின் ஏனைய மாறிகளிலிருந்து பிரித்து, தனித் தொகுதியாக வைப்பது நலம்.

முறிவின் காரணம்: மறுதொடக்கம் முறிவைக் குணப்படுத்துவதில்லை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 6,40,301 ஆவது கணக்கின் தவறான தரவு திருத்தப்படாவிட்டால், நிரல் 300 கணக்குகளைச் செய்து முடித்து அதே இடத்தில் மீண்டும் முறியும்.

இவை யாவும் இயல்பான ஓட்டத்தில் தெரிவதில்லை. நிரல் பல ஆண்டுகள் முறியாமல் ஓடியிருந்தால், அதன் மறுதொடக்கப் பகுதி ஒருமுறையேனும் இயங்கியிராது. எனவே சோதனைக் கட்டத்தில் நிரலை வேண்டுமென்றே நடுவில் நிறுத்தி, மறுதொடக்கம் செய்து, தடையின்றி ஓடிய நிரலின் விடையுடன் தரவுத்தளத்தையும் கோப்புகளையும் அறிக்கைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒத்திருந்தால் மட்டுமே செக்பாயின்ட் சரியாக எழுதப்பட்டுள்ளது எனலாம்.

தொடர்புடைய அழைப்புகள்

* ஆர்.ஓ.எல்.எல்.: கடைசி உறுதிப்பாட்டுக்குப் பின் செய்தவற்றை நீக்கிவிட்டு, நிரலை 778 என்னும் முறிவு எண்ணுடன் நிறுத்துகின்றது.
* ஆர்.ஓ.எல்.பி.: மாற்றங்களை நீக்கினாலும் நிரலை நிறுத்துவதில்லை. கட்டுப்பாடு நிரலுக்கே திரும்புகின்றது.
* எஸ்.இ.டி.எஸ்., ஆர்.ஓ.எல்.எஸ்.: உறுதிப்படுத்தாமலே இடைப்பட்ட ஒரு புள்ளியைக் குறித்து வைத்து, தேவைப்பட்டால் அப்புள்ளி வரை மட்டும் பின்செல்ல உதவுகின்றன.

இரு நிரல்கள் ஒன்றன் பூட்டுக்காக மற்றொன்று காத்து நிற்கும் முட்டுக்கட்டை நிலையில், ஐ.எம்.எஸ். அவற்றுள் ஒன்றை 777 என்னும் முறிவு எண்ணுடன் நிறுத்தி அதன் மாற்றங்களை நீக்குகின்றது. அது செய்தி நிரலாக இருந்தால் அதே செய்தியுடன் மீண்டும் இயக்கப்படும். பி.எம்.பி. நிரலாக இருந்தால் கடைசிச் செக்பாயின்ட்டிலிருந்து மறுதொடக்கம் செய்ய வேண்டும். பூட்டுகளை அடிக்கடி விடுவிக்கும் நிரல் இந்நிலைக்கு ஆளாகும் வாய்ப்பும் குறைவு.

ஐ.எம்.எஸ். நிரல் ஒன்று டி.பி.2 தரவுத்தளத்தையும் பயன்படுத்தலாம். அங்கு எஸ்.கியூ.எல். மொழியின் உறுதிப்படுத்தும் கட்டளைக்கு இடமில்லை. செக்பாயின்ட் அழைப்பே இரு தரவுத்தளங்களின் மாற்றங்களையும் ஒன்றாக உறுதிப்படுத்துகின்றது. ஐ.பி.எம்.மின் மற்றொரு பரிவர்த்தனை மென்பொருளான சிக்ஸ் அமைப்பின் இணையநிலை நிரல்களில் இவ்வேலையை சிங்க்பாயின்ட் என்னும் கட்டளை செய்கின்றது.

அமைப்பின் செக்பாயின்ட்

நிரல் எடுக்கும் செக்பாயின்ட் வேறு, ஐ.எம்.எஸ். அமைப்பு தனக்காக எடுத்துக்கொள்ளும் செக்பாயின்ட் வேறு. பதிவேட்டில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பதிவுகள் சேர்ந்தவுடன் அமைப்பு தன் சொந்த நிலையைப் பதிந்து வைக்கின்றது. கணினியே நின்றுபோனால், பதிவேட்டை எங்கிருந்து படித்து மீட்பைத் தொடங்குவது என்பதை இது சுட்டுகின்றது. எந்த நிரலின் மாற்றத்தையும் இது உறுதிப்படுத்துவதில்லை.

பதிவேட்டையும் அமைப்பின் செக்பாயின்ட்டையும் கொண்டு தரவுத்தளத்தை மீட்கும் முறைகளுள் பெரிதும் அறியப்பட்டது ஏரீஸ் என்னும் வழிமுறை. 1992 இல் வெளியான இதன் ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றிய சி. மோகன் ஆவார்.

பிற அமைப்புகளில்

நிரலின் நிலையையும் தரவையும் ஒரே கணத்தில் நிறுத்தும் கருத்து, பெருங்கணினிகளுக்கு வெளியேயும் காணப்படுகின்றது. ஜாவா மொழியில் தொகுதி நிரல்களை எழுத உதவும் ஸ்பிரிங் பேட்ச் சட்டகம், தரவைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறின் முடிவிலும் மாற்றங்களை உறுதிப்படுத்தி, மறுதொடக்கத்துக்கான விவரங்களையும் பதிந்து வைக்கின்றது. தொடர்ந்து வரும் தரவைக் கையாளும் அப்பாச்சி பிளிங்க், உள்ளீட்டில் எதுவரை படித்தது என்பதையும் அதுவரை கணக்கிட்ட மதிப்புகளையும் சேர்த்தே செக்பாயின்ட் எடுக்கின்றது. பல கணினிகளில் பரவியுள்ள ஒரு செயலின் ஒத்திசைவான நிலையைப் பதிவதற்கென 1985 இல் மணி சாண்டி, லெஸ்லி லாம்போர்ட் ஆகியோர் வெளியிட்ட வழிமுறை இதற்கு அடிப்படையாக அமைந்தது. சாண்டியும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முன்னாள் மாணவர் ஆவார்.

இவ்வமைப்புகளில் பெயர்களும் கருவிகளும் வேறுபட்டாலும், நிரலர் விடையளிக்க வேண்டிய கேள்வி ஐ.எம்.எஸ். நிரலருக்கு உரியதே: இந்நொடியில் நிரல் நின்றுவிட்டால், அது எதுவரை செய்து முடித்தது என்பதைச் சொல்லும் விவரங்கள் யாவும், அது செய்த மாற்றங்களுடன் சேர்த்தே பதியப்பட்டுள்ளனவா என்பதே அக்கேள்வி.